ஹட்டன் ஏறியதும் கரும்புகை விடும் மொரிஸ் மைனர்: ஊசியை மாற்றுவதா, ஜெட்டை உயர்த்துவதா?

ஹட்டன் மைனர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த காலத்தில் வாங்கிய 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார், அவர் காலமான பின்பு எட்டு ஆண்டுகள் எங்கள் கொட்டகையில் தார்ப்பாயின் கீழே நின்றது. 1098 சீசீ என்ஜின்; காற்றையும் பெற்றோலையும் கலந்து தரும் ஒன்றேகால் அங்குல எஸ்.யு. எச்.எஸ்.2 கார்பரேட்டர் ஒன்று. கடந்த மாதம் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் புதிய ஜெட் (பெற்றோல் மேலேறும் சிறு குழாய்), அதனுள் ஏறி இறங்கிப் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் ஏ.என். ஊசி, மிதவை வால்வு, கேஸ்கட்கள் ஆகியவற்றை வாங்கி, காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு கராஜில் கார்பரேட்டரை முழுமையாகக் கழற்றிப் பூட்டக் கொடுத்தேன்.

கொழும்பில் கார் நன்றாகவே ஓடியது. ஹட்டனுக்குத் திரும்பும் வழியில் அவிசாவளை, கித்துல்கல வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கினிகத்தேனை ஏற்றத்தில்தான் முதன்முதலாக இழுவை குறைந்தது. வட்டவளை தாண்டியபோது பின்னால் வந்த பஸ் சாரதி விளக்கைப் போட்டுக் காட்டும் அளவுக்குக் கரும்புகை. ஹட்டனில் ப்ளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், நான்கும் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு நிற்கும்போது என்ஜின் ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தைக் குறைக்க ஸ்குரூவைத் தளர்த்தினால் அணைந்துவிடுகிறது. சில வேளைகளில் மிதவைக் கிண்ணத்தின் வழிவுக் குழாயில் பெற்றோல் சொட்டுகிறது. தலவாக்கலைக்கு அப்பால், நானுஓயா ஏற்றத்தில் இரண்டாம் கியரிலும் திணறுகிறது.

இங்குள்ள ஒருவர், மலைநாட்டுக்கு மெலிந்த கலவை (பெற்றோல் குறைந்த கலவை) தரும் வேறு ஊசி போடாமல் இது தீராது என்கிறார். இன்னொருவர், எஸ்.யு. தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் கார்பரேட்டர், ஆகவே உயரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்கிறார். மறுபடி செலவு செய்வதற்கு முன், அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பண்டாரவளை கராஜ்காரன்

வணக்கம் தம்பி. ஊசியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது கரும்புகை அல்ல; நின்றபடி ஓடும்போது வேகம் ஏறி இறங்குவதும், ஸ்குரூவைத் தளர்த்தினால் அணைந்துபோவதும்தான். கலவை வெறுமனே செறிந்திருந்தால், அதாவது பெற்றோல் மிகுந்திருந்தால், என்ஜின் கனத்து, ஒரே சீராகத் தள்ளாடி ஓடும். இப்படி ஏறி இறங்குவதென்றால், எங்கோ ஓரிடத்தில் கள்ளக் காற்று நுழைகிறது என்று பொருள். அறுபது ஆண்டு ஓடிய எச்.எஸ்.2இல் அந்த இடம் பெரும்பாலும் த்ரொட்டில் ஸ்பிண்டில், அதாவது ஆக்சிலேட்டர் தகட்டைத் தாங்கும் குறுக்குத் தண்டு, தேய்ந்து ஆடும் இடமாகவே இருக்கும். ரிப்பேர் கிட் பெட்டியில் ஜெட்டும் ஊசியும் வரும். தேய்ந்த ஸ்பிண்டிலும் அது தேய்த்த துளையும் வராது. அதனால்தான் புதிய சாமான்கள் எல்லாவற்றையும் போட்ட பிறகும் வண்டி பழைய வண்டியாகவே இருக்கிறது.

கொழும்பில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஸ்பிண்டில் வழியே வந்த காற்றினால் ஐட்லில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) கலவை மெலிந்து என்ஜின் அணைந்திருக்கும். அதைச் சமாளிக்க அவர்கள் ஜெட் நட்டைக் கீழே இறக்கிப் பெற்றோலைக் கூட்டியிருப்பார்கள். ஐட்லில் அந்தக் கள்ளக் காற்று பெரிய பங்கு. ஏற்றத்தில் தகடு அகலத் திறக்கும்போது அது ஒன்றுமே இல்லை. ஆகவே ஐட்லுக்காகக் கூட்டிய பெற்றோல் முழுவதும் ஏற்றத்தில் மிகையாகி, புகையாக வெளியேறுகிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, உயரமும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் டப்பெட்டையும் (வால்வைத் திறக்கும் பகுதி) பற்றவைக்கும் பகுதியையும் சரிபாருங்கள். டப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், பொயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.015, ப்ளக் 0.025. தீப்பொறியை ப்ளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வெற்றிடக் குழாயின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் அதுவும் கள்ளக் காற்றுதான். கார்பரேட்டர் கோளாறு என்று என்னிடம் வந்த வண்டிகளில் பலவற்றை நான் பொயின்டைத் தேய்த்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்படிச் சொன்னால் கராஜுக்கு வருமானம் குறையும். ஆனால் உண்மை அதுதான்.

பிறகு, என்ஜின் சூடேறி ஓடும்போது ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் தடித்த கிரீஸை அப்பிப் பாருங்கள். ஓட்டத்தின் போக்கு மாறினால் நோய் அங்கேதான். சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். மைனரில் கார்பரேட்டருக்கு நேர் கீழே எக்ஸோஸ்ட் மனிபோல்ட் (புகை வெளியேறும் குழாய்) பழுக்கக் காய்ந்திருப்பதால், தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

ஸ்பிண்டில் ஆடினால் கார்பரேட்டர் உடலைக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து, துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் பித்தளைப் புஷ் (உள்வளையம்) அடித்து, புதிய ஸ்பிண்டில் போட வேண்டும். இதில் கவனமாக இருக்க வேண்டிய ஓரிடம் உண்டு. தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு ஸ்குரூக்களின் நுனிகள் பிளக்கப்பட்டு விரிக்கப்பட்டிருக்கும். அவற்றை முதலில் நெருக்காமல் திருகினால் ஸ்பிண்டிலின் புரியை வழித்துக்கொண்டு வரும். திரும்பப் பூட்டும்போது புதிய ஸ்குரூ போட்டு, ஸ்குரூக்களைத் தளர்வாக வைத்தபடியே தகட்டைச் சில தடவை முழுவதுமாக மூடித் திறந்து, அது துளையின் நடுவில் தானாக அமர்ந்த பிறகு இறுக்கி, நுனிகளை மறுபடி விரிக்க வேண்டும். விரிக்க மறந்தால் அந்த ஸ்குரூ ஒருநாள் கழன்று நேரே சிலிண்டருக்குள் விழும். அதற்குப் பிறகு நீங்கள் கார்பரேட்டரைப் பற்றிக் கேள்வி எழுப்பத் தேவையிருக்காது.

கண்டி 948

உயரமும் சேர்ந்துகொண்டது என்ற கருத்துடன் நான் உடன்படவில்லை. என்னிடம் உள்ளது 1958ஆம் ஆண்டு 948 சீசீ மைனர், எச்.2 என்ற முந்திய வகைக் கார்பரேட்டர். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஒவ்வோர் ஏப்ரல் பருவகாலத்திலும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்கப் போய் வருகிறேன். ஒருபோதும் எதையும் திருகியதில்லை. எஸ்.யு.வின் உள்ளேயே இருக்கும் பிஸ்டன் (என்ஜின் பிஸ்டன் அல்ல) காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது, அதனுடன் ஊசியும் ஏறி இறங்குகிறது. ஆகவே உயரத்துக்கு வேறு கணக்கு அவசியமில்லை என்பதே என் அனுபவம்.

கேட்டவருக்கு ஒரு குறிப்பு: எச்.2 வைத்திருப்பவர்கள் சொல்லும் தக்கைக் கசிவு உங்களுக்குப் பொருந்தாது. எங்கள் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையம் இருக்கிறது. அது காய்ந்தால் ஒழுகும். உங்கள் ஜெட்டுக்குப் பெற்றோல் நைலோன் குழாயில் வருகிறது.

பௌதிக வாத்தியார்

கண்டி அன்பர் சொல்வது பரவலான நம்பிக்கை. ஆனால் அது பாதிதான் சரி. எஸ்.யு. தன்னைச் சரிசெய்துகொள்வது காற்றின் கனவளவுக்கு ஏற்ப; காற்றின் அடர்த்திக்கு ஏற்ப அல்ல.

பிஸ்டனின் எடையும் அதன் மேலுள்ள ஸ்பிரிங்கும் சேர்ந்து, ஜெட்டின் மேலுள்ள வெற்றிடத்தை ஏறத்தாழ மாறாத அளவில் வைத்திருக்கின்றன. பிஸ்டன் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோலை உறிஞ்சும் அழுத்த வேறுபாடும் மாறவில்லை, ஊசிக்கும் ஜெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியும் மாறவில்லை. ஆகவே கொழும்பில் வந்த அதே அளவு பெற்றோல்தான் ஹட்டனிலும் வரும். காற்றோ, அதே வாயிலின் வழியே அதே அழுத்த வேறுபாட்டில் செல்லும்போது, அதன் திணிவு அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. சாதாரண வளிமண்டலக் கணக்கின்படி, ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதன் 88 சதவீதம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 83 சதவீதம். இவற்றின் வர்க்கமூலத்தை எடுத்தால், கலவை ஹட்டனில் சுமார் 6 சதவீதமும் நுவரெலியாவில் 9 முதல் 10 சதவீதமும் செறிவடைகிறது. ஜெட் மாறாத பிற கார்பரேட்டர்களிலும் இதே அளவு மாற்றம்தான் நிகழும். இந்த விடயத்தில் எஸ்.யு.வுக்குத் தனிச் சிறப்பு எதுவுமில்லை.

ஆனால், ஊசியை மாற்றச் சொன்னவரும் இந்த எண்களைச் சற்றுப் பார்க்க வேண்டும். கொழும்பில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 13 பங்கு காற்று என்று சரியாக அமைத்த கார், ஹட்டனில் 12.2 பங்கில் ஓடும். அது செறிந்த கலவைதான். பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், ப்ளக் சற்றுக் கறுக்கும். பின்னால் வருபவர் விளக்கைப் போட்டுக் காட்டும் அளவுக்குப் புகை வராது. எனவே உயரம் இங்கே துணைக் குற்றவாளிதான்; முதற் குற்றவாளியைப் பண்டாரவளை அன்பர் ஏற்கெனவே சுட்டிக்காட்டிவிட்டார். கண்டி அன்பரின் கார் எதையும் திருகாமல் நுவரெலியா ஏறுவதற்கும் இதுவே காரணம்: அவருடைய கலவை தொடக்கத்திலேயே சரியாக இருப்பதால், கூடும் சில சதவீதத்தை என்ஜின் பொறுத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடர்த்தி குறைந்த காற்றில் என்ஜினின் வலுவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். கார்பரேட்டரை எவ்வளவு துல்லியமாக அமைத்தாலும், நானுஓயா ஏற்றத்தில் கொழும்பின் இழுவையை எதிர்பார்க்கக் கூடாது.

பதுளைப் பயணி

டாஷ்பொட்டுக்குள், அதாவது கார்பரேட்டர் பிஸ்டனை மூடியிருக்கும் எண்ணெய்க் கூட்டுக்குள், என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் வாங்கிய காரில் யாரோ பிரேக் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். 20 தர என்ஜின் எண்ணெய்தான் விதி. தையல் இயந்திர எண்ணெய் மிகவும் மெலிது; ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளி ஏறி, ஒரு கணம் என்ஜின் மூச்சு வாங்கும்.

பண்டாரவளை கராஜ்காரன்

வாத்தியார் ஐயாவின் கணக்குக்கு நன்றி. நான் கைப்பழக்கத்தால் செய்துவந்ததற்கு இப்போதுதான் காரணம் புரிகிறது. பதுளை அன்பர் சொன்ன எண்ணெயின் மட்டம், பிஸ்டனின் உள்ளீடற்ற தண்டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே இருந்தால் போதும்.

தம்பி, ஸ்பிண்டில் வேலை முடிந்ததும் மற்றவற்றையும் ஒருமுறை பாருங்கள். டாஷ்பொட்டும் பிஸ்டனும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்துச் சேர்த்த இணை. வேறு காரின் மூடியை எடுத்துப் போட்டால் வேலை செய்யாது. உள்ளே கறை இருந்தால் பெற்றோலில் நனைத்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். எமரித் தாளைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. ஊசியின் தோள், பிஸ்டனின் அடிமுகத்துடன் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மிதவைக் கிண்ணத்தின் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலக் கம்பியை வைத்துப் பாருங்கள். அது உரசி நுழைந்தால் மட்டம் சரி. மிதவையைக் காதருகே ஆட்டி, உள்ளே பெற்றோல் சலசலக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஜெட்டை மையப்படுத்துவதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். நட்டை முழுவதும் மேலேற்றி, ஜெட்டின் பூட்டு நட்டைச் சற்றுத் தளர்த்தி, பிஸ்டனை ஒரு பென்சிலால் மெல்ல அழுத்தியபடி பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பின்பு பிஸ்டனை உயர்த்தி விட்டால், அது அடியில் மோதும் 'டக்' என்ற ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். ஜெட்டைக் கீழே இறக்கிய நிலையிலும் அதே ஓசை வர வேண்டும். முதல் தடவையிலேயே அமைந்தால் அது அதிர்ஷ்டம். எனக்கு இன்றைக்கும் மூன்று நான்கு தடவை பிடிக்கிறது.

கலவைக்கு, ஜெட் நட்டை முழுவதும் மேலேற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம், கீழே இறக்கித் தொடங்குங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறியதும், பிஸ்டனைத் தூக்கும் சிறு முள்ளை முப்பத்திரண்டில் ஒரு அங்குலம் மட்டும் உயர்த்துங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் கலவை செறிவு. நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். உடனே அணையப் பார்த்தால் மெலிவு; ஒரு முகம் கீழே இறக்குங்கள். ஒரு கணம் இலேசாகக் கூடி, பழைய வேகத்துக்கே திரும்பினால் சரி. இதை ஹட்டனிலேயே செய்ய வேண்டும். கார் வாழும் ஊரில்தான் கார்பரேட்டரை அமைக்க வேண்டும்.

ஹட்டன் மைனர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கிரீஸை அப்பியதுமே என்ஜினின் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைந்தது. கழற்றிப் பார்த்தபோது, ஸ்பிண்டிலின் கேபிள் பக்கத்து முனை விரலால் ஆட்டினாலே ஆடும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. டிக்கோயாவில் உள்ள கடைசல்காரர் இரு பக்கமும் புஷ் அடித்துக் கொடுத்தார். நட்டை மேலேற்றும்போது எண்ணினேன்: கொழும்பில் பத்தொன்பது முகம் இறக்கி வைத்திருந்தார்கள். பெற்றோல் சொட்டியதற்குக் காரணம் வேறு. மிதவை நன்றாக இருந்தது; எட்டு ஆண்டு காய்ந்த தாங்கியின் துரு, பெற்றோல் குழாய் வழியே வந்து புதிய வால்வின் இருக்கையில் மணலாகப் படிந்திருந்தது. தாங்கியைக் கழற்றிக் கழுவி, பம்புக்கு முன் ஒரு வடிகட்டியும் பொருத்திவிட்டேன்.

முள் சோதனையில் ஒன்பதாவது முகத்தில் அமைந்தது. புகை இல்லை. ப்ளக் வெளிறிய பழுப்பு நிறத்தில் இருக்கிறது. நானுஓயா ஏற்றத்தை மூன்றாம் கியரில் தொடங்கி, கடைசி வளைவுகளில்தான் இரண்டுக்கு மாற்றினேன்.

இரண்டு ஐயங்கள் மிச்சம். மாதம் ஒருமுறை கொழும்புக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே கலவை மெலிந்து என்ஜினுக்குக் கேடு வருமா? மேலும், குளிர்ந்த காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்த பிறகு, அதை முழுவதும் உள்ளே தள்ளினாலும் கால் மணி நேரம் பழைய கறுப்புப் புகை எட்டிப் பார்க்கிறது. பிறகு ஏதாவது ஒரு குழியில் கார் விழுந்து எழுந்ததும் மறைந்துவிடுகிறது.

பௌதிக வாத்தியார்

முதல் ஐயத்துக்கு: அதே 6 சதவீதம் திரும்பி வரும், அவ்வளவுதான். ஹட்டனில் முள் சோதனை சரியான பின்பு நட்டை ஒரு முகம் மட்டும் கீழே இறக்கி அப்படியே விட்டுவிட்டால், இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கும். கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், கித்துல்கலவுக்கு முந்திய ஏற்றங்களில் என்ஜின் தட்டும் ஓசை கேட்டால் மட்டும் இன்னொரு முகம் இறக்குங்கள். நட்டில் ஒரு முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது.

பண்டாரவளை கராஜ்காரன்

குழியில் விழுந்ததும் சரியாகிறது என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. இந்தக் கார்பரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல. அது ஜெட்டையே கீழே இழுக்கிறது. சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் ஜெட் நட்டைத் தொடும் அளவுக்கு மேலே திரும்பாமல் நடுவழியில் சிக்கி நிற்கிறது; குலுங்கியதும் ஏறிக்கொள்கிறது. கேபிளுக்குப் பதினாறில் ஒரு அங்குலம் தளர்வு இருக்கிறதா, லீவரை மேலே இழுக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா, நைலோன் குழாய் முறுக்கிக்கொண்டு ஜெட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

ஹட்டன் மைனர்

இப்போதுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கேபிளில் தளர்வு இருக்கிறது, குழாயும் நேராக இருக்கிறது. ஸ்பிரிங்தான் இல்லை, அது மாட்டும் துளை மட்டும் இருக்கிறது. நாளைக்கு ஒன்று தேடிப் போடுகிறேன்.